வலிப்பு உள்ளவரின் மூளையும் உடன்பிறந்தோரின் மூளையும்

(வலிப்பு நோய் உள்ளவர்களின் குடும்பத்தினருக்காக வேலூரில் நடந்த கூட்டத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, உடன்பிறந்தோரே, செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வலிப்பு நோயைப் பற்றிப் பேச வேலூரை விடப் பொருத்தமான ஊர் நம் நாட்டில் அரிது. கனடாவின் மாண்ட்ரியலில் புகழ்பெற்ற நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் இங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952இல் வலிப்புக்கான அறுவை சிகிச்சையும் அங்கே நடந்தது. அன்று மண்டையோட்டைத் திறந்தால் மட்டுமே காண முடிந்த மூளையை இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படமாகக் காட்டிவிடுகிறது. படம் எளிதாகக் கிடைப்பதாலேயே ஒரு கேள்வியும் எழுந்திருக்கிறது: வலிப்பு உள்ளவரின் மூளையில் தெரியும் மாற்றம், வலிப்பே வராத அவருடைய அண்ணன் தங்கையின் மூளையிலும் இருக்குமா?

2018இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, 14 நாடுகளில் வலிப்பு உள்ள 2,149 பேரின் படங்களை, வலிப்பு இல்லாத 1,727 பேரின் படங்களோடு ஒப்பிட்டது. பெருமூளையின் மேலுறையான சாம்பல் நிறப் புறணி பல இடங்களில் மெலிந்திருந்தது. மூளையின் நடுவே அமைந்த தலாமஸின் அளவும் குறைந்திருந்தது. சாதாரண ஸ்கேனில் குறை எதுவும் தெரியாத வலிப்பு வகைகளிலும் இந்த வேறுபாடு காணப்பட்டது. ஆனால் புறணியின் பருமனே 2 முதல் 4 மில்லிமீட்டர்தான்; அதில் ஏற்படும் மிகச் சிறிய குறைவைப் பெரும் கூட்டத்தின் சராசரியில் கணக்கிட்டு அறியலாமே தவிர, ஒருவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் கண்டுவிட முடியாது.

இந்த மெலிவு எங்கிருந்து வந்தது என்பதே அடிப்படையான கேள்வி. மீண்டும் மீண்டும் வந்த வலிப்பு மூளையைத் தேய்த்ததா, ஆண்டுக்கணக்கில் விழுங்கிய மாத்திரையின் விளைவா, அல்லது வலிப்பு தொடங்கும் முன்பே மூளை அப்படித்தான் அமைந்திருந்ததா என்பதை நோயாளியை மட்டும் பார்த்துப் பிரித்தறிய இயலாது. இங்கேதான் உடன்பிறந்தவர் உதவிக்கு வருகிறார். அதே தாய் தந்தையிடமிருந்து மரபணுக்களைப் பெற்றிருந்தும் அவருக்கு வலிப்பு வந்ததில்லை. அவர் மாத்திரையும் உண்டதில்லை. அவரிடமும் அதே அமைப்பு இருந்தால், அது பெரும்பாலும் குடும்பத்தில் வந்த அமைப்பே அன்றி நோய் விட்டுச்சென்ற சேதம் அன்று.

அப்படியே சில இடங்களில் ஆய்வாளர்கள் காணவும் செய்தார்கள். நினைவாற்றலுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பது, மூளையின் பக்கவாட்டிலுள்ள நெற்றிப்பொட்டுப் பகுதியில் (டெம்போரல் மடலில்) எழும் வலிப்பில் அடிக்கடி காணும் அடையாளம். இவ்வகை வலிப்பு பரம்பரையாக வரும் குடும்பங்களைப் பிரேசிலில் ஆராய்ந்தபோது, ஒருமுறை கூட வலிப்பு வராத உறவினர் சிலரிடமும் அந்தச் சுருக்கம் இருந்தது. எனவே அமைப்பு மட்டுமே வலிப்பைக் கொண்டுவருவதில்லை. வேறு காரணங்களும் சேர வேண்டும்.

ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த ஒரு தாய், ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி, “பொண்ணுக்கும் எடுத்துப் பாத்துடலாமா சார்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க” என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு எந்த அறிகுறியும் இல்லை. படத்தில் சிறு வேறுபாடு தெரிந்தாலும் அதற்காகக் கொடுக்க வேண்டிய மருந்தும் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் ஒருவருக்கு வலிப்பு இருந்தால், 40 வயதுக்குள் மற்றவருக்கு வரும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 5. பொதுமக்களில் அது 1-க்குச் சற்று மேல். வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் 95 பேருக்கு வருவதில்லை என்பதும் அதே அளவு உண்மை, அதைத்தான் நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தையே ரத்து செய்யக் கோரும் விதியைக்கூட 1999ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டியே காரணம் என்று இங்கே நடந்த கணக்கெடுப்பு காட்டியது. புழுவின் முட்டை கலந்த உணவாலும் கழுவாத கைகளாலும் பரவும் இந்தத் தொற்றைக் குடும்ப வியாதி என்று முத்திரை குத்துவது பெரும் அநீதி.

அப்படியானால் உடன்பிறந்தவரிடம் எதையுமே கவனிக்க வேண்டாமா என்றால், கவனிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று துள்ளி டம்ளர் நழுவுகிறதா, அதிலும் தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் அப்படி நேர்கிறதா, பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு நடந்தது தெரியாமல் விழிக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள்; அதைப் பார்த்து, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்த பிறகு, ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.