1 லிட்டரில் வளர்ந்தது 1000 லிட்டரில் ஏன் திணறுகிறது?

[திரையில்: பொம்மசந்திரா தொழிற்பேட்டை, காலை ஷிப்ட் பஸ்கள்]

வணக்கம். ஓசூரிலிருந்து பஸ் பிடித்து எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் பயோடெக் வேலைக்கு வருகிற நம் பிள்ளைகளுக்கு இந்த வீடியோ. சின்னத் தொட்டியில் வளர்த்த நுண்ணுயிரைப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோவதுதான் ஸ்கேல்-அப். "ஸ்கேல்-அப் பண்ணும்போது எதை மாற்றாமல் வைப்பீர்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டால், மனப்பாடமாகக் 'கேஎல்ஏ' (kLa, ஆக்ஸிஜன் நீருக்குள் போகும் வேகத்தைக் காட்டும் எண்) என்று சொல்லிவிடலாம். அடுத்து "ஏன்?" என்று வருமே, அங்கேதான் மாட்டுவோம்.

[திரையில்: கண்ணாடித் தொட்டி, சுழலும் கலக்கி]

ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். நல்ல மீடியமும் (ஊட்டக் கரைசல்) 37 டிகிரி சூடும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். சர்க்கரையை லிட்டருக்கு 100 கிராம்கூடத் தாராளமாகக் கரைக்கலாம். காற்றிலிருந்து ஆக்ஸிஜனோ அதே சூட்டில் லிட்டருக்கு 7 மில்லிகிராம்கூடக் கரையாது. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த குடுவையில் சென்னையில் கரைவதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னை லேப் எண்ணை அப்படியே இங்கே போடாதீர்கள்.

தொட்டியில் நெருக்கமாக வளர்ந்த செல்கள், அதாவது கல்ச்சர், அந்த ஆக்ஸிஜன் இருப்பைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். சேர்த்துவைக்க வழியில்லை, செலவாகும் வேகத்திலேயே ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். காற்றுக் குமிழியிலிருந்து நீருக்குள் ஆக்ஸிஜன் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று சொல்லும் எண்தான் கேஎல்ஏ. கலக்கி குமிழியை நொறுக்க நொறுக்கப் பரப்பு கூடும், கேஎல்ஏவும் ஏறும். நுரை பொங்குகிறதே என்று ஆன்டிஃபோமை (நுரையடக்கி) அதிகம் ஊற்றினால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து கேஎல்ஏ இறங்கிவிடும். நைட் ஷிப்ட்டில் கை தாராளம் வேண்டாம்!

[திரையில்: சிறிய தொட்டி, பக்கத்தில் பத்து மடங்கு உயரமான தொட்டி]

சரி, 1 லிட்டரை 1000 லிட்டர் ஆக்குவோம். வடிவம் அதேதான்; உயரம், விட்டம் எல்லாம் 10 மடங்கு. லிட்டருக்குக் கொடுக்கும் கலக்கும் சக்தியை மாற்றாமல் வைத்தால், நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றிய கலக்கி சுமார் 130 சுற்றுக்கு இறங்கும். துடுப்பு நுனியின் வேகமோ இரண்டு மடங்கைத் தாண்டும். கலந்து முடிய நாலரை மடங்கு நேரம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

கலக்க நேரமானால், பம்பிலிருந்து மேலே சொட்டும் குளுக்கோஸ் சர்க்கரை பரவுவதற்குள் அங்கிருக்கும் செல்கள் அளவுக்கு மீறித் தின்று அசிடேட் என்ற கழிவைக் கக்கும். அடியில் இருப்பவை பட்டினி. பாக்டீரியா, ஈஸ்ட் போன்ற ஆக்ஸிஜன் பசிக்காரர்களுக்குக் கேஎல்ஏவை முதலில் காப்பாற்றுவார்கள். இழையிழையாக வளரும் பூஞ்சை என்றால் நுனி வேகத்தையும் பார்க்க வேண்டும், இழை அறுந்துவிடும்.

[திரையில்: தொட்டியின் குறுக்குவெட்டு, உள்ளே குளிர்நீர்ச் சுருள்]

அப்புறம் சூடு. செல்கள் செலவழிக்கும் ஒவ்வொரு மோல் ஆக்ஸிஜனுக்கும் ஏறத்தாழ 460 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். கொள்ளளவு 1000 மடங்கு ஆனாலும் வெளிச்சுவர் 100 மடங்குதான். கிண்ணத்துச் சாம்பார் சட்டென்று ஆறும், கல்யாண வீட்டு அண்டா சாம்பார் கடைசிப் பந்தி வரை சூடாக இருக்கும், அதே கதை. குளிர்நீர் ஓடும் வெளி உறையான ஜாக்கெட் போதாமல் உள்ளே சுருள் வைக்கிறார்கள். அதைக் கழுவுவது தனி வேதனை. அதுவும் போதாவிட்டால் குளுக்கோஸ் பம்பின் வேகத்தைக் குறைத்து, சில்லர் (நீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) தாங்குகிற அளவுக்கே செல்லை வளரவிடுகிறார்கள்.