எல்லோரும் படிக்கலாம், யாரும் மாற்றக் கூடாது: சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் பற்றிய ஒரு சந்தேகம்

அடுத்த கேள்விக்கு வருவோம். தமது ஜாவா வலைச் செயலியின் சர்வ்லெட்டுகள் (கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல்கள்), ஃபில்டர்கள் (கோரிக்கைகளை வழியில் சரிபார்ப்பவை), ஜேஎஸ்பி பக்கங்கள் (ஜாவா கலந்த வலைப்பக்கங்கள்) அனைத்தும் நாட்டுக் குறியீடுகளின் பட்டியல் ஒன்றைப் படிக்க வேண்டியிருப்பதால், பயனர் உள்நுழையும்போதெல்லாம் அதைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துச் செஷனில் (பயனர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள சேமிப்பிடத்தில்) வைப்பதாகவும், இது சரியான முறைதானா என்றும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

சரியான முறை அன்று. ஆயிரம் பேர் உள்நுழைந்தால் அதே பட்டியலுக்கு ஆயிரம் நகல்கள் நினைவகத்தில் கிடக்கும். பயனரைப் பொறுத்து மாறாத தரவுக்குரிய இடம் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட், அதாவது செயலி முழுவதற்கும் பொதுவான சேமிப்பிடம். ஒரு ஜேவிஎம்-இல் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருளில்) ஒரு வலைச் செயலிக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மின்னஞ்சல் முகவரி போன்ற ஒற்றைச் சரம் என்றால் செயலியின் அமைப்புகளைச் சொல்லும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் கான்டெக்ஸ்ட்-பாரம் என்று எழுதினால் போதும். இனிட்-பாரம் என்று சர்வ்லெட்டுக்குள் எழுதிவிட்டு, மற்ற சர்வ்லெட்டில் நல் (மதிப்பு இல்லை என்பதன் குறி) வருகிறதே என்று தேடுபவர்கள் பலர். அது அந்த ஒரு சர்வ்லெட்டுக்கு மட்டுமே உரியது.

பட்டியல் போன்ற ஆப்ஜெக்டுக்கு, சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிசனர் (செயலி தொடங்கும்போது அழைக்கப்படும் கிளாஸ்) ஒன்றை எழுதி, அதன் கான்டெக்ஸ்ட்இனிஷியலைஸ்ட் மெத்தடில் தரவை ஒருமுறை ஏற்றி, செட்அட்ரிபியூட் மூலம் கான்டெக்ஸ்டில் ஒரு பெயரிட்டு வைத்துவிடுங்கள். எந்த ஃபில்டரும் சர்வ்லெட்டும் தொடங்குவதற்கு முன்பே இந்த மெத்தட் அழைக்கப்படுவதால், முதல் கோரிக்கை வரும்போது தரவு தயாராக இருக்கும். ஜேஎஸ்பி-யில் அப்ளிகேஷன்ஸ்கோப் வழியாக அதை எடுக்கலாம்.

இனிதான் முக்கியமான செய்தி. கான்டெக்ஸ்டில் வைத்ததனாலேயே தரவு மாற்ற முடியாததாகிவிடாது. பட்டியலை ஹாஷ்மேப்பாக (குறியீடும் அதற்குரிய மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் தொகுப்பாக) அப்படியே வைத்தால், யாரோ ஒருவர் எங்கோ ஒரு புட் (மதிப்பைச் சேர்க்கும் அல்லது மாற்றும் மெத்தட்) எழுதிய நாளில் எல்லாப் பயனர்களுக்கும் தவறான தரவு போகும். ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் (இணையாக ஓடும் செயல் இழைகள்) அதைத் தொடுவதால் பிழையைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. கலெக்ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்மேப் தருவது மூல மேப்பின் மீது போர்த்திய உறை மட்டுமே, மூலத்தை மாற்றினால் அதிலும் மாற்றம் தெரியும். ஆகவே ஜாவா 10 முதல் கிடைக்கும் மேப்.காப்பிஆஃப் மெத்தடையே நான் பரிந்துரைப்பேன். அதுவும் மேப்பைத்தான் பூட்டும், உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுகளை அன்று. அவற்றில் செட்டர்கள் (மதிப்பை மாற்றும் மெத்தட்கள்) இருந்தால் நீக்கிவிடுங்கள்.

பட்டியல் எப்போதாவது மாறும் என்றால், பழைய மேப்பைத் திருத்தாமல், புதிய மேப்பை முழுமையாக உருவாக்கி அதே பெயரில் மீண்டும் செட்அட்ரிபியூட் செய்யுங்கள். பல சர்வர்களில் செயலி ஓடினால், கான்டெக்ஸ்ட் அட்ரிபியூட்கள் ஒரு ஜேவிஎம்-இலிருந்து இன்னொன்றுக்குப் போகா என்பதால், இதை ஒவ்வொன்றிலும் தனித்தனியே செய்ய வேண்டியிருக்கும்.