பெட்டிக்குள் இருந்த கட்டில்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் டெர்பிஷையர் பக்கம் கால்க் அபே என்று ஒரு மாளிகை இருக்கிறது. அபே என்றால் மடம். துறவிகள் அங்கே வாழ்ந்தது உண்மைதான், ஆனால் அது 12ஆம் நூற்றாண்டுக் கதை. 1622இல் அந்த இடத்தை வாங்கியது ஹார்ப்பர் குடும்பம். இப்போது நிற்கும் வீட்டை 1701 முதல் 1704 வரை கட்டியவர் சர் ஜான் ஹார்ப்பர்.

அந்தக் குடும்பத்துக்கு வெளியுலகமே ஆகாது. சர் ஹென்றி என்பவர் 1792இல் நானெட் ஹாக்கின்ஸ் என்ற பணிப்பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மற்ற பிரபுக்கள் முகம் கொடுக்கவில்லை. அவரும் யாரையும் தேடிப் போகவில்லை. வீட்டு வேலைக்காரர்களிடம்கூடச் சீட்டெழுதித்தான் பேசுவாராம். எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வருகிறது, நானெட் மேல் இன்னும் கூடுதலாக.

சில தலைமுறைக்கு அப்புறம் வந்தவர் சர் வான்சி, 1924 வரை இருந்தார். பறவைகளைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்குவதுதான் அவர் உலகம். அறை நிறைந்தால் அடுத்த அறை. எஸ்டேட்டுக்குள் கார் நுழையக் கூடாது. ஒரே கூரையின் கீழ் இருந்த மகள்களுக்கும் கடிதம்தான். மின்சாரம் வந்ததே 1962இல்!

1981இல் வீட்டின் அப்போதைய சொந்தக்காரர் சார்லஸ் ஹார்ப்பர் க்ரூ இறந்தார். வாரிசான தம்பி கட்ட வேண்டிய வாரிசுரிமை வரி சுமார் 80 லட்சம் பவுண்டு. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? 1984 பட்ஜெட்டில் அரசாங்கம் நிதி ஒதுக்கியது. மறுவருஷம் வீடு, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது.

சாமான்களைக் கணக்கெடுத்தபோது பெட்டிகளில் ஒரு கட்டிலின் பட்டுத் திரைகள் கிடைத்தன. 1734இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகள் இளவரசி ஆன் திருமணத்தில் தோழியாக நின்றவர் லேடி கரோலின் மேனர்ஸ். அவர் வாழ்க்கைப்பட்டது ஹார்ப்பர் குடும்பத்தில். தோழிக்கு அரச குடும்பம் தந்த சீர் அது என்கிறார்கள். வெளிப்பக்கம் கருநீலச் சீனப்பட்டு, உள்பக்கம் வெண்பட்டு. இரண்டிலும் பறவைகள், பூக்கள், மனிதர்கள் என்று நெருக்கமான பூவேலை. வண்ணத்துப்பூச்சியின் சிறகுப் புள்ளிக்கு மயிலிறகை இழையாகச் சுருட்டித் தைத்திருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் வெயில் படாமல் கிடந்ததால் சாயம் கொஞ்சமும் மங்கவில்லை.

டிரஸ்ட் ஒரு நல்ல காரியம் செய்தது. கூரை ஒழுகலை அடைத்தார்கள், ஆனால் புதுசாக்கவில்லை. உரிந்த சுவர்க் காகிதம் உரிந்தபடியே தொங்குகிறது. பறவைகள் வான்சி வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கட்டிலை மட்டும் பொருத்திக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் வெளிச்சம் குறைவு. கண் பழக ஒரு நிமிஷம் ஆகும், அப்புறம் நீலம் தெரியும்.