கேட்பதற்குக் கூசாத கலைஞர்

அவையோருக்கு வணக்கம். கொடையுள்ளம் கொண்ட கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் டேனி தாமஸைப் பற்றிப் பேசுகிறேன். அவர் கொடுத்ததைவிட, நோயுற்ற பிள்ளைகளுக்காக ஊர் ஊராகப் போய் நிதி கேட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1912-இல் மிச்சிகன் மாநிலத்தில், லெபனானிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இரவு விடுதிகளில் கதை சொல்லிச் சிரிக்கவைத்துப் பிழைத்தார். வருமானம் நிலையாக இல்லை. குடும்பப் பொறுப்பு கழுத்தை நெரித்த நாளில், டெட்ராய்ட் தேவாலயம் ஒன்றில் புனித யூதா ததேயுவின் முன் வேண்டிக்கொண்டார். கைவிடப்பட்டோரின் துணை என்று கத்தோலிக்கர்கள் நம்பும் புனிதர் அவர். எனக்கு வழிகாட்டினால் உமக்கொரு திருத்தலம் எழுப்புவேன் என்பது நேர்ச்சை.

வழி திறந்தது. 1953-இல் தொடங்கிய அவருடைய நகைச்சுவைத் தொடர் 1964 வரை ஓடியது. வேலை வேலை என்று வீட்டைவிட்டு விலகியே இருக்கும் விடுதிக் கலைஞன், அவன் மனைவி, பிள்ளைகள், அவ்வளவுதான் கதை. அவர் வாழ்ந்த வாழ்க்கையே அது. வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து போகும் முகத்தை மக்கள் உறவாகவே கொண்டாடினார்கள். பின்னாளில் வேறு வெற்றித் தொடர்களையும் தயாரித்தார்.

நேர்ச்சையை நிறைவேற்ற ஒரு சிலையும் மண்டபமும் போதும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ குழந்தைகளுக்கான ஆராய்ச்சி மருத்துவமனை கட்டத் துணிந்தார். தென்மாநிலமான டென்னசியின் மெம்ஃபிஸ் நகரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் அவருடைய ஆன்மிக வழிகாட்டியான கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர்களில் ஒருவர், கர்தினால் ஸ்ட்ரிச். கட்டுவதற்கு மட்டுமா பணம்? ஆண்டுதோறும் நடத்தவும் வேண்டுமே! மனைவியோடு காரில் நாடெங்கும் சுற்றினார், கூட்டங்களில் பேசினார். 1957-இல் லெபனானிய, சிரிய வழிவந்த அமெரிக்கர்களைத் திரட்டி, நிதி சேர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கினார். தங்களை வாழவைத்த நாட்டுக்கு நன்றிக்கடன் செலுத்துவோம் என்பதே அவர் முன்வைத்த வேண்டுகோள்.

1962 பிப்ரவரி 4 அன்று புனித யூதா மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த ஆண்டை மனத்தில் வையுங்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் வெள்ளையரோடு ஒரே மேசையில் உண்ண முடியாத காலம். அங்கே ஒரே கூடத்தில் எல்லா நிறப் பிள்ளைகளுக்கும் சிகிச்சை நடந்தது. கட்டடத்தை வரைந்து தந்த பால் வில்லியம்ஸ் கறுப்பினக் கட்டடக் கலைஞர். அதற்கு அவர் கூலி வாங்கவில்லை. மருத்துவமனையைப் பற்றிச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்வது இந்த இடத்தில்தான்.

குழந்தைகளைத் தாக்கும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் அன்று பிழைத்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். முதல் இயக்குநரான மருத்துவர் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளையும் கதிர்வீச்சையும் இணைத்து விடாமல் முயன்றார். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்று அந்த எண் நூற்றுக்கு 90-ஐத் தாண்டிவிட்டது. ஒரு மருத்துவமனையே எல்லாம் செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பல நாட்டு மருத்துவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் நோயைக் குணப்படுத்த முடியும் என்று முதலில் துணிந்து சொன்னவர்களில் பிங்கல் ஒருவர். அதற்கான ஆய்வுக்கு அவர் கையைக் கட்டிப்போடாத பணம், ஒரு நடிகர் கேட்டுச் சேர்த்த பணம்.

1991 பிப்ரவரியில், மருத்துவமனையின் 29-ஆம் ஆண்டு விழா முடிந்த இரண்டே நாளில் டேனி தாமஸ் காலமானார். புகழ்பெற்றவர் நடத்தும் அறப்பணி பெரும்பாலும் அவரோடு ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. நடிகையான மூத்த மகள் மார்லோவும் உடன்பிறந்தோரும் பொறுப்பைத் தோளில் ஏற்றார்கள். சிகிச்சைக்கும், பயணத்துக்கும், தங்குமிடத்துக்கும், உணவுக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அங்கே இன்றுவரை பில் வருவதில்லை. அந்தச் செலவின் பெரும்பகுதியைப் பொதுமக்களின் நன்கொடைதான் தாங்குகிறது. அதைக் கேட்டுத் திரட்டும் வேலையை அவர் 1957-இல் தொடங்கிய அதே அமைப்பு செய்துவருகிறது.