முடியுமான்னு கேளுங்க, நம்பர் கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம், பின்னாடி கேக்குதா? சரி. "நீங்க நல்ல அப்பாவா, நல்ல அம்மாவா?"ன்னு ஒரு ஃபார்ம்ல கேட்டா ஆமான்னுதான் டிக் அடிப்போம், வேற என்ன பண்ணுவோம், அத வச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது.

இப்ப இப்படி கேக்குறேன். ராத்திரி பதினொரு மணி, 15 வயசுப் பையன் கதவச் சாத்திக்கிட்டு போன நோண்டிட்டு இருக்கான், தட்டுனா உள்ளருந்து "என்ன?"ன்னு ஒரு சத்தம். கத்தாம பேசி அந்த போன வாங்கி வைக்க உங்களால முடியுமா? 0-லேர்ந்து 100-க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. பாத்தீங்களா, இப்பதான் யோசிக்கிறீங்க!

1977-ல ஆல்பர்ட் பாண்டுராங்கிற மனோதத்துவ அறிஞர் எழுதுனது இந்த 'என்னால முடியும்'ங்கிற நம்பிக்கையப் பத்திதான். அளக்குறதுக்கு அவர் சொன்ன வழி, "செய்வீங்களா"ன்னு கேக்காத, "செய்ய முடியுமா"ன்னு கேளு, அதையும் லேசுலேர்ந்து கஷ்டம் வரைக்கும் படிப்படியா கேளு. நல்ல மூடுல இருக்குற நாள்ல 90 போடுவீங்க, வேல முடிஞ்சு அலுத்துப்போய் வந்த அன்னைக்கு 50, நேத்துதான் சண்ட போட்டிருக்கீங்கன்னா 20. எந்த இடத்துல சரியுதோ அங்கதான் உதவி வேணும். மொத்தமா ஒரே மார்க் போட்டா இது மறைஞ்சிரும்.

பெத்தவங்களுக்குன்னு 17 கேள்வி உள்ள ஒரு பழைய கேள்வித்தாள் இருக்கு, 1978-ல வந்தது. வளக்கத் தெரியுமாங்கிறதையும் வளக்குறது புடிச்சிருக்காங்கிறதையும் அது தனித்தனியா பாக்கும், அது நல்ல விஷயம். ஆனா அது மொதல்ல கைக்குழந்த வச்சிருக்கவங்களுக்காகப் பண்ணது. குழந்தயத் தூக்கி தொட்டில்ல போட்டரலாம், டீன் ஏஜ் பிள்ளைய அப்படி எங்கயும் தூக்கி வைக்க முடியாதே!

"என் பிள்ள எங்க போறான் வரான் எல்லாம் எனக்குத் தெரியும்"னு சிலர் நெஞ்ச நிமித்துவாங்க. ஸ்வீடன்ல ஸ்டாட்டின், கெர்னு ரெண்டு பேர் 14 வயசுப் பிள்ளைங்கள வச்சு ஆராஞ்சு 2000-ல எழுதுனாங்க, பெத்தவங்களுக்குத் தெரியுறதுல பெரும்பங்கு பிள்ளைங்க தானா வந்து சொன்னதுதானாம், நாம துருவித் துருவி கண்டுபிடிச்சது கம்மி. அப்ப அந்த நம்பிக்கை நம்ம கைல மட்டும் இல்லல்ல? அதனால இந்த நம்பர் போடுற ஃபார்ம பிள்ளைங்ககிட்டயும் குடுத்து நமக்கு மார்க் போடச் சொல்லணும்ங்கிறது என் கட்சி.

நான் குடுத்துப் பாத்தேன். "தப்பு பண்ணிட்டு வந்து சொன்னா கத்தாம கேக்க முடியும்", இதுக்கு எனக்கு நானே 85 போட்டுக்கிட்டேன், என் பொண்ணு எனக்குப் போட்டது 40. ஏம்மா இவ்ளோ கம்மின்னேன். "அது லீவு நாள் மார்க்குப்பா, ஆபீஸ் நாளுக்கு தனியா போடணும்"னா.