வாசலிலேயே மிரட்டும் மொழி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருப்பவர்களே, வணக்கம்.

‘கற்க வருபவரை அதிகம் வாட்டுவது ஜார்ஜிய மொழியா, பிரெஞ்சு மொழியா?’ என்பது இன்றைய தலைப்பு. ஜார்ஜியன்தான் என்று அடித்துச் சொன்ன எதிரணித் தங்கை, ஒரு சொல்லை நம் மேல் எறிந்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ‘க்வ்ப்ர்த்ஸ்க்வ்னி’. எட்டு மெய் வரிசையாக வந்து, கடைசியில் ஒரே ஓர் உயிர். ‘நீ எங்களைத் தோலுரிக்கிறாய்’ என்று பொருள். கைதட்டல் பலமாக இருந்தது, நானும் தட்டினேன். ஆனால் தங்கச்சி, இதை யார் யாரிடம் சொல்லப்போகிறார்கள்? ஆரஞ்சுப் பழம்தான் சொல்ல வேண்டும்!

சரி, பேச்சுக்கே வராத சொல் என்று தள்ளிவிட்டுத் தப்பிக்க மாட்டேன். அங்கே விளையாட்டுப் பயிற்சியாளருக்கே ‘ம்த்ஸ்வ்ர்த்னெலி’ என்றுதான் பெயர். ஆறு மெய்யைத் தாண்டித்தான் அவரைக் கூப்பிட முடியும். தொண்டையை அடைத்துத் திறக்கிற ஒரு ககரமும் உண்டு. ‘பகாகி த்ஸ்கல்ஷி கிகினெப்ஸ்’, அதாவது ‘தவளை தண்ணீரில் கத்துகிறது’ என்பது அதற்கான நாப்பயிற்சி. நமக்கு வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிற கிழவர் மாதிரி. முதல் வாரம் நாம்தான் தவளை.

நான் கேட்பது வேறு. ஜார்ஜியன் வாசலிலேயே மிரட்டுகிறது. பிரெஞ்சோ ‘வாங்க வாங்க’ என்று கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் கதவைத் தாழிடுகிறது. இதில் எது வாட்டுவது?

எழுத்திலிருந்து வருகிறேன். ஜார்ஜியனில் 33 எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை இல்லை. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. எழுதியிருப்பதைப் படித்தால் போதும், கேட்டதை எழுதினால் போதும். பிரெஞ்சில் 26 எழுத்தும் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அந்தத் தைரியத்தில்தான் நானும் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் ‘இல் பார்ல்’ என்றார். ‘அவன் பேசுகிறான்’ என்று எழுதினேன். தவறு. அவர் சொன்னது ‘அவர்கள் பேசுகிறார்கள்’. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். தாளில் மட்டும் பன்மைக்கு மூன்று எழுத்து கூடுதல், மூன்றும் ஊமை. தண்ணீருக்கு ‘ஓ’ என்று சொல்கிறார்கள். எழுதுவது ஈ, ஏ, யு. தேடிப் பாருங்கள், அதில் ‘ஓ’வே கிடையாது. ‘வெர்’ என்று ஒருவர் சொன்னால் அது பச்சையா, கண்ணாடியா, புழுவா, கவிதை வரியா? நாலுக்கும் ஒரே ஒலி, நாலு எழுத்துக்கூட்டல்.

இதைக் காக்க 1635-இலிருந்து ஓர் அகாதெமி வேறு. 1990-இல் சீர்திருத்தம் கொண்டுவந்து, வெங்காயத்திலிருந்து ஓர் ‘ஐ’யை எடுக்கலாம் என்றார்கள். எடுக்காவிட்டாலும் சரிதானாம்! வெங்காயம் உரிக்காமலே கண்ணீர்.

அடுத்தது பால். நமக்கு ஆண்பால், பெண்பால் மனிதருக்கு. பிரெஞ்சில் மேசை பெண், புத்தகம் ஆண். மீசை? பெண்பால். தாடியும் பெண்பால். காரணம் கேட்டால் மனப்பாடம் செய் என்பார்கள். ஜார்ஜியனில் இந்த வம்பே இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ‘இஸ்’ என்ற ஒரே சொல்.

உறவுமுறையில் மட்டும் ஜார்ஜியன் நம்மைக் கவிழ்க்கும், ஒப்புக்கொள்கிறேன். அங்கே ‘மாமா’ என்றால் அப்பா. அம்மா ‘தேதா’. கல்யாண வீட்டில் பார்த்துப் பேச வேண்டும்.

எதிரணியின் பெரிய ஆயுதம் வினைச்சொல். எழுவாய்க்கு மூன்று வேடம் என்றார்கள். உண்மைதான். ‘தேதா த்ஸெர்ஸ் த்ஸெரில்ஸ்’ என்றால் அம்மா கடிதம் எழுதுகிறாள். எழுதி முடித்துவிட்டால் ‘தேதாம் தாத்ஸெரா த்ஸெரிலி’, அம்மா தேதா தேதாம் ஆகிவிடுகிறாள். மூன்றாவது, ‘தேதாஸ் தாவுத்ஸெரியா த்ஸெரிலி’. அம்மா எழுதியதை நாம் பார்க்கவில்லை, மேசைமேல் கடிதம் கிடக்கிறது. ‘அம்மா எழுதியிருக்கிறாள் போல’ என்போமே, அதே இடம். ஐயா, இது நம் வீட்டு வாசனை இல்லையா? அந்த ‘தேதாஸ்’ நமது ‘அம்மாவுக்கு’. ‘தேதாஸ் உக்வார்ஸ்’ என்றால் அம்மாவுக்கு ஆசை, அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசி. ‘திபிலிசியில்’ என்பதற்குத் ‘திபிலிஸ்ஷி’; ‘இல்’லைப் பின்னால் ஒட்டுகிற அதே பழக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க அங்கே போகிறார்கள் அல்லவா? வினைச்சொல் அவர்களைப் படுத்தலாம், ‘அம்மாவுக்கு’ படுத்தாது.

பிரெஞ்சு உலகமெங்கும் பேசப்படுகிறது, ஜார்ஜியனுக்கு ஏதோ 40 லட்சம் பேர்தான் என்றும் சொன்னார்கள். தலைப்பு அது இல்லை. ஆனாலும் ஒன்று: 1978 ஏப்ரல் 14 அன்று, ஜார்ஜியனின் ஆட்சிமொழித் தகுதியைச் சோவியத் அரசு எடுக்கப் பார்த்தபோது திபிலிசித் தெருவில் கூட்டம் நிறைந்தது. அரசுதான் இறங்கிவந்தது.

கடைசியாக எண். இரண்டு மொழியும் இருபது இருபதாக எண்ணுகிறவை. எண்பதுக்கு இரண்டிலும் ‘நாலு இருபது’தான். ஆனால் ஜார்ஜியன் முப்பதிலேயே ‘இருபதும் பத்தும்’ என்று சொல்லி, காத்திருக்கப் பழக்கிவிடும். பிரெஞ்சு முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது வரை ஒழுங்குப் பிள்ளையாக வரும். பாரிசில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். நடுவர் ஐயா, கையில் பேனா இருக்கிறது, நான் அவர்கள் முறையில் சொல்கிறேன், எழுதுங்கள். அறுபது... 6 போட்டுவிட்டீர்களா? பன்னிரண்டு.

அந்த 6-ஐ அடித்துவிட்டு 72 என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அடுத்த இலக்கத்துக்குப் போவதற்குள் எதிரில் இருப்பவர் எண்ணைச் சொல்லி முடித்திருப்பார். நன்றி, வணக்கம்.