நுரையீரலுக்குக் கரண்ட் வைக்கும்போது இதயத்தைப் பற்றியும் கேளுங்கள்

வணக்கம். ஒரு தங்கை எனக்கு எழுதியிருந்தார். அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், மூன்றாம் கட்டம். கீமோவோடு சேர்த்துக் கரண்ட் வைக்கச் சொல்லிவிட்டார்கள். த்ரீ டி முறை போதுமா, நகையை அடகு வைத்தாவது ஐ.எம்.ஆர்.டி.க்குப் போக வேண்டுமா என்று கேட்கிறார். கதிர்வீச்சுக்குத் திட்டம் போடுவதுதான் என் வேலை. அதனால் இன்றைக்கு இதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

த்ரீ டியில் சில திசைகளிலிருந்து கட்டியின் வடிவத்துக்குக் கதிரைப் பாய்ச்சுவோம். ஐ.எம்.ஆர்.டி.யில் கதிர் வரும் வாசலில் இருக்கிற மெல்லிய உலோகத் தகடுகள் நகர்ந்து, ஒவ்வொரு திசையிலும் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று மாற்றிக்கொண்டே இருக்கும். டோஸ் இதயத்தைக் கூடியவரை ஒதுக்கி, கட்டியின் வடிவத்துக்கு வளைந்து அமையும்.

அமெரிக்காவில் ஆர்.டி.ஓ.ஜி. 0617 என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மூன்றாம் கட்ட நோயாளிகளில் பாதிப் பேருக்கு 60 கிரே, மீதிப் பேருக்கு 74 கிரே. கிரே என்பது கதிர்வீச்சின் டோஸை அளக்கும் அலகு. டோஸ் கூடினால் ஆயுளும் கூடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. 60 கிரே வாங்கியவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது அவர்களில் பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 28.7 மாதம், 74 கிரே வாங்கியவர்களுக்கு 20.3 மாதம்தான். இதயத்துக்குப் போன டோஸ் கூடக் கூட ஆயுள் குறைந்ததும் அதில் தெரிந்தது. எனக்கு அது பெரிய அதிர்ச்சி. அதற்குப் பிறகு திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்கிறேன்.

அதே நோயாளிகளை 2017-இல் முறைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கதிரால் வரும் கடுமையான நுரையீரல் அழற்சி த்ரீ டியில் 7.9 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 3.5 சதவீதம். இத்தனைக்கும் ஐ.எம்.ஆர்.டி. வாங்கியவர்களுக்குக் கட்டி பெரிது. இதயத்துக்குப் போன டோஸும் குறைவு. ஆனால் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் வித்தியாசம் முழுக்க முறையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

எஸ்.பி.ஆர்.டி. பற்றியும் பலர் கேட்கிறீர்கள். அது கட்டியைத் துல்லியமாகக் குறிவைத்து, சில சிட்டிங்கிலேயே பெரிய டோஸ் கொடுக்கும் முறை. சின்னக் கட்டிக்கு, ஆரம்பக் கட்டத்துக்கு. 54 கிரேயை மூன்றே சிட்டிங்கில் கொடுத்துவிடலாம். மூச்சுக்குழாய்க்கு 2 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தால் அந்தக் கணக்கு ஆபத்து. எக்ஸ் கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும் சிகிச்சை சென்னையிலேயே கிடைக்கிறது. ஆனால் ஐ.எம்.ஆர்.டி.யோடு ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வில் அழற்சி குறையவில்லை. அதற்காகக் கடன் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, தங்கை, கட்டி இடது பக்கம் கீழே, இதயத்தை ஒட்டியிருந்தால் ஐ.எம்.ஆர்.டி.க்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. மேல்பக்கம் ஒதுங்கிய கட்டி என்றால் த்ரீ டியே போதுமானதாக இருக்கலாம். டாக்டரிடம் இரண்டு முறையிலும் திட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 20 கிரேக்கு மேல் வாங்கும் நுரையீரல் எத்தனை சதவீதம், இதயத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். முதல் எண் 35-க்குள் இருக்க வேண்டும். அப்புறம், ஆறு வாரத்தில் 30 சிட்டிங். டாக்டர் சொல்லாமல் நடுவில் ஒரு நாள்கூட விடாதீர்கள். அப்பாவுக்குக் கட்டி எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.